கடையில் வாங்கிய முயல் நாலு நாளில் செத்தால் பிழை யாருடையது?

கல்முனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுடைய பிறந்தநாளுக்கு பெட் ஷொப்பில் ஒரு ஜோடி முயல்குட்டி வாங்கினார்களாம். நாலாம் நாள் விடியும்போது ஒன்று செத்துக் கிடந்தது. மற்றது மூலையில் குந்திக்கொண்டு ஒழுங்காகத் தின்னாமல் இருக்கிறது. கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "இடம் மாறினா அப்பிடித்தான், வேணுமெண்டா இன்னொண்டை அரை விலைக்குத் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா, நாங்கள் பிழையாக வளர்த்தோமா, இன்னொன்றை வாங்கலாமா என்று கேட்கிறார். பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணி வீட்டில் இருக்கிறது, கொடுத்துப் பார்க்கவா என்றும் கடைசியில் ஒரு வரி.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தரும் பாணி பெரும்பாலும் அமொக்சிசிலின். பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் முயல், கினிப்பன்றி, ஹம்ஸ்டர் மூன்றுக்கும் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, குளொஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சு கக்கும். நோயில் தப்பியிருக்கக்கூடிய குட்டி மருந்தில் சாகும். அதே போல, நாய்க்குத் தெள்ளுக்கு அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரேயையும் முயலுக்கு அடிக்க வேண்டாம். இவை இரண்டிலும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி மற்றக் கேள்விகள். மூன்றாகத் தெரிந்தாலும் அவர் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான்: இந்தச் சாவு யார் தலையில் விழுகிறது? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச மிருக வைத்தியராக இருந்தவன் என்ற அளவில் என் பதில் இதுதான். வாங்கி முதல் ஒரு கிழமை, பத்து நாளில் சாகும் பிராணி பெரும்பாலும் உங்கள் வீட்டுப் படி ஏறமுன்னமே சாகத் தொடங்கியிருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துச் சாகும் பிராணியை பெரும்பாலும் நாங்கள்தான் சாகடிக்கிறோம். கடையைத் திட்டுகிறவர்கள் இரண்டாவதைப் பார்ப்பதில்லை, கடைக்காரர்கள் முதலாவதை ஒத்துக்கொள்வதில்லை.

ஒன்றையும் சொல்லிவைக்க வேண்டும். என்னுடைய தொழில் மாடு, ஆடு, கோழி. பேராதனையில் நாங்கள் படித்ததும் அதிகம் அவற்றைப் பற்றித்தான். முயலும் கிளியும் மேசைக்கு வரத் தொடங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன். ஆகவே பொதுவாகச் சொல்லக்கூடியதைத்தான் சொல்கிறேன். செத்த குட்டியை வெட்டிப் பார்க்காமல் இன்ன நோய்தான் என்று ஊரில் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சொன்னாலும் சரி.

முயல்குட்டி ஆறு முதல் எட்டுக் கிழமை வரைக்கும் தாயோடு இருக்க வேண்டும். தாய்ப்பாலில் உள்ள சில கொழுப்பமிலங்கள் குட்டியின் வயிற்றில் கெட்ட கிருமி பெருகாமல் காக்கின்றன. பால் நிற்கிற நேரத்தில் அந்தக் காவல் போய்விடும், வயிற்றின் புளிப்பு பெரிய முயலின் அளவுக்குக் கூடியிருக்காது, குடலில் நார் செரிக்கும் கிருமிகளும் அப்போதுதான் குடியேறிக்கொண்டிருக்கும். ஒரு முயலின் ஆயுளில் இதைவிடப் பலவீனமான காலம் கிடையாது. ஆனால் விற்பவருக்கு அந்த வயதுதான் வேண்டும், ஏனென்றால் உள்ளங்கையில் அடங்குகிற குட்டியைத்தான் பிள்ளை கேட்கும். அதனால் நாலு, ஐந்து கிழமையிலேயே பிரித்துவிடுகிறார்கள். பிரித்த கையோடு பெட்டியில் பயணம், பிறகு நாலைந்து வீட்டுக் குட்டிகளை ஒரே கூட்டில் விடுவது, தீனை மாற்றுவது, இரண்டு நாளில் இன்னொரு வீடு, இன்னொரு தீன். எல்லாம் ஒரே கிழமைக்குள் நடந்து முடிகிறது.

இதில் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியையும் சேர்த்துப் பாருங்கள். கோழி வளர்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம், முயலுக்கு வேறு இனங்கள். பெரிய முயலின் வயிற்றில் சத்தமில்லாமல் இருக்கும், குட்டிக்கு வந்தால் கழிச்சல். கடைக் கூட்டில் தொற்றினால் வெளியே தெரிய ஒரு கிழமை அளவில் எடுக்கும். அதாவது கடைக்காரர் கண்ணுக்கு நல்ல குட்டிதான் போனது, உங்கள் கண்ணுக்கும் நல்ல குட்டிதான் வந்தது, ஆனாலும் செத்துப்போகிறது. "இடம் மாறினா அப்பிடித்தான்" என்று அவர் சொன்னது அதனால் முழுப் பொய் இல்லை. அந்த வயதில் இடம் மாற்றியது யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவரே ஒரு தரகரிடம் வாங்கியிருப்பார், குட்டியின் சரியான வயது அவருக்கே தெரிந்திருக்காது. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். கவனமில்லாத வியாபாரம். குட்டிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைக்குள் எங்கள் ஊரில் நடக்கும் பெரிய கொடுமை அடி உதை இல்லை, வெக்கை. முயலுக்கு வியர்க்காது, சூட்டைக் காதால்தான் வெளியே விடும். நிழலில் 30 பாகை தாண்டினாலே அதற்குக் கஷ்டம் தொடங்கிவிடும், கினிப்பன்றிக்கு அதற்கும் முன்னமே. கச்சான் அடிக்கிற மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, றோட்டுப் பக்கம் பார்த்த கூட்டில் எத்தனை பாகை இருக்கும் என்று யோசியுங்கள். ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே கூட்டை வாசலில் வைக்கிறார்கள். காலையில் வைக்கும்போது அந்த இடம் நிழல். இரண்டு மணிக்கு வெயில் திரும்பி நேரே கூட்டுக்குள் இறங்கும், அந்த நேரம் கடைக்காரர் உள்ளே மின்விசிறிக்குக் கீழே இருப்பார். ஆகவே வாங்க நினைக்கும் கடைக்கு, எல்லாரும் போகிற மாதிரிப் பின்னேரம் ஆறரைக்குப் போகாதீர்கள். ஒரு முறை இரண்டு மணிக்குப் போய் நில்லுங்கள். முயல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்து வேகமாக மூச்செடுக்கிறதா, தண்ணீர்ப் போத்தலில் தண்ணீர் இருக்கிறதா, போத்தல் நுனியை விரலால் தட்டினால் சொட்டு வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கடையில் வாங்கலாமா விடலாமா என்று முடிவெடுக்க அது போதும்.

குட்டியைக் கையில் எடுத்தால் முதலில் முன்கால்களின் உள்பக்கத்தைப் பாருங்கள். பலர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். சளிக்காய்ச்சல் உள்ள முயல் மூக்கை முன்காலால் துடைத்துக்கொண்டே இருக்கும், முகம் சுத்தமாக இருக்கும், ஆனால் முன்காலின் உள்மயிர் ஒட்டிக் காய்ந்து சடை பிடித்திருக்கும். பிறகு வாலுக்குக் கீழே ஈரமோ அழுக்கோ இருக்கிறதா, காது ஓரத்திலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பொருக்கு இருந்தால் அது சொறி, பிள்ளையின் கையிலும் கடியை உண்டாக்கும். பின்னங்கால் அடியைத் திருப்பிப் பாருங்கள், கம்பி வலை மேலேயே நிற்கும் முயலுக்கு அங்கே மயிர் போய்ச் சிவந்திருக்கும். கூட்டுக்குக் கீழே கிடக்கும் புழுக்கை கடலைப் பருப்பு அளவில் உருண்டு, காய்ந்து, நசுக்கினால் வைக்கோல் தூளாக உதிர வேண்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே. காதில் பிடித்துத் தூக்கிக் காட்டும் கடையிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். முயலின் பின்னங்கால் உதை அதன் முதுகெலும்பையே முறிக்கும் அளவுக்குப் பலமானது, பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால் நடப்பது அதுதான்.

ஜோடி என்று விற்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அந்த வயதில் ஆண், பெண் பிரிப்பது பழகியவருக்கே தடுமாறும். இரண்டும் ஆணாக இருந்தால் மூன்று, நாலு மாதத்தில் கடிபட்டுக் காயம். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சினைக்காலம் 31 நாள் அளவுதான், குட்டி ஈன்ற அன்றைக்கே திரும்பச் சினைப்படும். கினிப்பன்றியில் இன்னும் மோசம். ஆண் மூன்று கிழமையிலேயே பருவத்துக்கு வரும், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்த கடையில் வாங்கிய பெண் சினையோடு வீட்டுக்கு வருவது சாதாரணம். ஹம்ஸ்டர், அதிலும் பெரிய சிரியன் இனம், வளர்ந்த பிறகு தனியாக இருக்க வேண்டிய பிராணி. "தனியா இருந்தா பாவம்" என்று இரண்டைத் தருகிறவர் தன் விற்பனையைத்தான் பார்க்கிறார், அவை ஒன்றையொன்று கடித்துக் கொல்லும்.

பறவையைப் பார்ப்பது வேறு வித்தை. லவ் பேர்ட்ஸ் நோயை மறைக்கும். நீங்கள் கூட்டுக்குக் கிட்டப் போனவுடன் சோர்ந்து இருந்ததும் சிறகை ஒடுக்கி நிமிர்ந்து நிற்கும். ஆகவே தள்ளி நின்று, ஐந்து நிமிடம் வேறெதையோ பார்ப்பது போலப் பாருங்கள். பகலில் மயிரை உப்பிக்கொண்டு கண்ணை மூடுகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுகிறதா? ஆடினால் அது மட்டுமல்ல, அந்தக் கூட்டில் எதையும் வாங்காதீர்கள். கிளி இனப் பறவைகளின் எச்சத் தூசியிலிருந்து சிற்றகோசிஸ் என்ற நோய் மனிதருக்கும் வரும், கடும் காய்ச்சலும் இருமலுமாக. வீட்டில் பறவை வைத்திருப்பவர் அப்படிக் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குப் போனால் பறவை இருப்பதை டொக்டரிடம் சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார். மீன் வாங்கும்போது நீங்கள் விரும்பிய மீனைப் பார்க்காமல் அதே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களைப் பாருங்கள், தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே.

சரி, இனி வீட்டுப் பக்கம். இங்கே கடைக்காரருக்கு ஒரு பங்கும் இல்லை. கரட்டும் கோவாவும் தின்று வாழ்கிற முயல் கார்ட்டூனில்தான் இருக்கிறது. முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நாலு பங்கு புல்லாக இருக்க வேண்டும். அதன் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பாணும் பிஸ்கட்டும் கோழித்தீனும் போட்டு வளர்த்த முயல் ஒரு வருடத்தில் கொழுத்து அழகாக இருக்கும், பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்தும். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருக்கும். எங்கள் பக்கம் அறுகம்புல்லுக்குப் பஞ்சமில்லை, மாட்டுக்காரரிடம் கேட்டால் சி.ஓ. 3 என்ற தீவனப் புல்லும் ஒரு கட்டுத் தருவார். அம்பாறைப் பக்கத்தில் வயல் வரம்புப் புல்லை மட்டும் அறுக்காதீர்கள், எப்போது எந்தக் களைநாசினி அடித்தார்கள் என்று வயற்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. முயல் 12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலே அது அவசரம், நாளைக்குப் பார்ப்போம் என்ற கதைக்கு இடமில்லை. ஒழுங்காக வளர்த்தால் எட்டு, பத்து வருடம் இருக்கும். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறவர்கள் இதை நினைக்கிறார்களோ தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிய முயல், அந்தப் பிள்ளை ஏ.எல். சோதனை எழுதும்போதும் இருக்கலாம்.

கினிப்பன்றிக்கு எங்களைப் போலவே உடம்பில் விற்றமின் சி உண்டாகாது. தின்னக் கொடுக்காவிட்டால் சில கிழமைகளில் மூட்டு வீங்கி, நடக்க மறுத்து, ஈறில் இரத்தம் கசிந்து, மெல்லச் சாகும். இதற்கு மருந்துக் கடைக்குப் போகத் தேவையில்லை, வளவில் நிற்கும் கொய்யாவில் ஒரு சிறு துண்டு தினமும் போதும். முருங்கை இலையிலும் உண்டு, ஆனால் சுண்ணாம்புச் சத்து அதிகம், தினமும் கொடுத்தால் சலக்கல் வர வழி வைக்கும். லவ் பேர்ட்ஸுக்குத் தினையை மட்டும் கொட்டிவிட்டு இருப்பதும் இதே வகைப் பிழை, விற்றமின் ஏ இல்லாமல் மூக்கும் தொண்டையும் கெட்டுப்போகும். கங்குன், துருவிய கரட் கொஞ்சம் கொடுங்கள். ஆனைக்கொய்யா பறவைக்கு நஞ்சு. ஒட்டாத சட்டி அடுப்பில் காய்ந்து கருகினால் வரும் ஆவி, குசினிக்குப் பக்கத்தில் தொங்கும் பறவையைச் சில நிமிடத்திலேயே கொல்லும்.

மீனில் நான் அதிகம் கேட்பது "புதுத் தொட்டி, புது மீன், மூன்றாம் நாள் எல்லாம் மிதக்குது" என்பதுதான். மீனின் கழிவு அமோனியாவாக மாறும், அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்குள் ஒன்றிரண்டு மீனோடு தொடங்க வேண்டும், ஒரே நாளில் பத்தைக் கொட்டக்கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும், ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணற்றில் குளோரீன் இல்லை, ஆனால் கோடையில் உவர் ஏறும். அலுத்துப்போன மீனை வாவியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்க வேண்டாம். தொட்டி துப்புரவாக்கும் என்று விற்கும் உறிஞ்சி மீன் இன்று இலங்கையின் ஆறு, குளங்களில் பரவிக் கிடப்பது அப்படிப் புண்ணியம் தேடியவர்களால்தான். திருவிழாக் கடைகளில் சாயம் தோய்த்து விற்கும் கோழிக்குஞ்சைப் பற்றி நீட்டத் தேவையில்லை. முதல் கிழமை 32 பாகைக்குக் குறையாத சூடு வேண்டிய குஞ்சு அது, இரவில் அட்டைப் பெட்டிக்குள் விறைத்துச் சாகும். வாங்காதீர்கள்.

முறைப்பாடு செய்யலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. இலங்கையில் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம். கூட்டில் அடைத்த பறவை, மீன், ஊர்வன எல்லாம் அதில் அடங்கும், பொலிஸில் முறையிடலாம். ஆனால் அதில் சொன்ன தண்டப்பணம் 100 ரூபாய். 1907 இல் அது பெரிய காசு. சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய வரைவொன்றை எழுதியது, அது வருடக்கணக்காக இழுபட்டது. நடைமுறையில் கடைக்கு வியாபார அனுமதி கொடுக்கும் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ எழுத்தில் கொடுப்பதும், கடைக்காரரிடமே நேரே கதைப்பதும்தான் பலன் தருவதாக எனக்குப் படுகிறது. கூட்டை நிழலுக்கு நகர்த்தச் சொன்னால் பலர் நகர்த்துவார்கள், செத்தால் நட்டம் அவர்களுக்கும்தான். நட்சத்திர ஆமை விற்றால் அது வேறு கதை. அது வனசீவராசிகள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட உயிர், விற்பது மட்டுமல்ல, அதிர்ஷ்டம் என்று வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

நான் உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. கடையில் வாடிக் கிடக்கும் ஒன்றை இரக்கப்பட்டு வாங்குவது சரியா? அந்த ஒரு உயிருக்கு நல்லது நடக்கலாம். ஆனால் காலியான கூட்டில் நாளைக்கு இன்னொன்று வரும், வாடிய குட்டியும் விலை போகிறது என்று கடைக்காரர் கற்றுக்கொள்வார். நான் வாங்க மாட்டேன், வாங்குகிறவரைக் குறை சொல்லவும் மாட்டேன். கடையைவிட வீட்டில் பெருக்குபவரிடம் வாங்குவது நல்லதா? தாயைப் பார்க்கலாம், வயதைக் கேட்கலாம், அந்த அளவுக்கு நல்லது. அண்ணன் தங்கையையே இணைத்துப் பெருக்குகிற வீடுகளும் இருக்கின்றன. முயல் கடித்தால் விசர்நாய்க்கடி ஊசி போட வேண்டுமா? முயல், எலி இனங்களால் அந்த நோய் பரவுவது மிக மிக அரிது. என்றாலும் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலையில் கேளுங்கள், அந்த முடிவு மிருக வைத்தியருடையது இல்லை.

கல்முனைத் தங்கச்சிக்கு: இரண்டாவது குட்டியை இன்றைக்கே மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், காலையில் போட்ட புழுக்கையையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு. கொக்சிடியாவா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம், இருந்தால் அதற்குச் சல்பா வகை மருந்து உண்டு, அளவை நிறை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். போகும்வரை கரட், கோவா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். வயிறு மத்தளம் மாதிரி இறுகியிருந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். பகலில் ஒரு போத்தல் தண்ணீரை உறைய வைத்துத் துணி சுற்றிக் கூட்டுக்குள் போடுங்கள், அது போய் ஒட்டிப் படுக்கும். கூட்டைத் தினமும் கழுவிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காய வையுங்கள். கொக்சிடியாவின் முட்டை புழுக்கையோடு விழுந்து தொற்றக்கூடிய நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், தினமும் சுத்தம் செய்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். டெட்டோல் அதைக் கொல்லாது. அரை விலைக் குட்டியை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது பிழைத்து ஒரு மாதம் நன்றாகத் தின்றால், முயலுக்குத் துணை தேவை என்பதும் உண்மைதான், அப்போது தாயோடு எட்டுக் கிழமை இருந்த ஒரு குட்டியைத் தேடுங்கள். கொண்டுவந்தாலும் முதல் மூன்று கிழமை வேறு அறையில், வேறு கூட்டில், கடைசியாகத் தீன் போடுவது அதற்கு.